தாயும் சபையும்

மதக் கட்டுப்பாடு மிகுந்த ஒரு சமூகத்தை விட்டு ஓர் இளம்பெண் வெளியேறுகிற கதைக்கு எந்த நாட்டிலும் வாசகர்கள் உண்டு. அது எப்படி நடக்கும் என்பதும் நமக்கெல்லாம் மனப்பாடம். கண்டிப்பான வீடு, ஜன்னல் வழியாகத் தெரிகிற வெளியுலகம், ஒரு வாலிபனோ, ஒரு புத்தகமோ, ஒரு பாட்டோ வந்து அவள் மனசைக் கலைப்பது, கடைசியில் ஒருநாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது. 2020-ஆம் ஆண்டு வந்த 'அன்ஆர்த்தடாக்ஸ்' என்ற நான்கு பகுதித் தொடர் இதற்கு நல்ல உதாரணம். அதிலே எஸ்தி என்ற யூதப் பெண் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பகுதியிலிருந்து பெர்லின் நகரத்துக்கு ஓடிப்போகிறாள். நன்றாக எடுத்த படம்தான். குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இவ்வகைக் கதைகளிலே ஒரு பழக்கம் உண்டு. போகிறவளோடு காமிராவும் போய்விடுகிறது. வாசற்படியில் நின்றுவிட்டவர்கள் நிழலாகிவிடுகிறார்கள். அவர்கள் என்ன ஆனார்கள்? மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்டினார்களா? மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு அந்தத் தாய் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, அதை விடாமல் பிடித்த படம் ஒன்று இருக்கிறது. 2017-ல் டொரான்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, மறு ஆண்டு இங்கிலாந்தில் வெளியான 'அப்பாஸ்டஸி' என்ற ஆங்கிலப் படம் அது. விசுவாச துரோகம் என்று பொருள். நாவல் எழுதுகிறவர்களும் நாவல் படிக்கிறவர்களும் அவசியம் பார்க்க வேண்டிய படம் என்பது என் அபிப்பிராயம்.

டைரக்டர் டேனியல் கொகொடைலோவுக்கு இது முதல் முழுநீளப் படம். புதியவர்களுக்கென்று ஏற்பட்ட ஒரு சிக்கனப் படத்திட்டத்தில் உருவானது. கதையும் அவருடையதே. அவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவில் வளர்ந்து, பிறகு அதை விட்டு வெளியே வந்தவர். இப்படி வெளியே வந்தவர்கள் எழுதுகிற புத்தகங்களில் சாதாரணமாக ஒரு சூடு இருக்கும். பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்கிற அவசரம் இருக்கும். இந்தப் படத்தில் அது இல்லை. ஒரு மருத்துவர் வியாதியைக் குறித்துக்கொள்கிற நிதானத்தோடு அவர் தாம் பிறந்த வீட்டைப் பார்த்திருக்கிறார்.

சபையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1870-களில் அமெரிக்காவிலே சார்லஸ் டேஸ் ரஸல் என்பவர் தொடங்கிய வேத ஆராய்ச்சிக் குழுக்களில் பிறந்தது இது. 1931-ல் இப்போதைய பெயரை ஏற்றது. 2024-ஆம் ஆண்டுச் சபைக் கணக்குப்படி உலகெங்கும் 90 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஊழியம் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வாசலில் நின்று, 'காவற்கோபுரம்' பத்திரிகையை நீட்டிப் புன்னகை செய்கிறவர்களை நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். உலகத்தின் முடிவு அருகில் இருக்கிறது, அதன்பின் பூமியே பரதீஸாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறந்தநாளும் கிறிஸ்துமஸும் கொண்டாடுவதில்லை; ராணுவத்தில் சேருவதில்லை. இரத்தத்தை விலக்கவேண்டும் என்ற வேதவாக்கை ஆதாரமாகக் கொண்டு, பிறர் இரத்தத்தை உடம்பில் ஏற்றிக்கொள்வதும் பாவம் என்று 1945-ல் தீர்மானித்தார்கள். 1961 முதல், மனந்திரும்பாமல் அதைச் செய்தவர்களைச் சபையிலிருந்தே நீக்கலாம் என்று ஆயிற்று.

படத்தின் களம் மாஞ்செஸ்டரை அடுத்த ஓல்டாம் என்ற பழைய பஞ்சாலை நகரம். ஐவானா என்ற தாய்; லூயிஸா, ஆலெக்ஸ் என்று இரண்டு பெண்கள். பாகிஸ்தானிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நிறைய வசிக்கிற ஊர் அது. அவர்களிடம் பிரசங்கம் செய்யவேண்டும் என்பதற்காகவே தாயும் பெண்களும் உருது கற்கிறார்கள். மனிதர்களை நரகத்துக்கு அனுப்பத் துடிக்கிற வெறியர்களாக அவர்களை டைரக்டர் காட்டவில்லை. அண்டை வீட்டுக்காரரைக் காப்பாற்றுவதற்காகக் கஷ்டப்பட்டு ஒரு பாஷையைப் படிக்கிறவர்களை எப்படி வெறுப்பது?

இளையவள் ஆலெக்ஸுக்குப் பிறவியிலிருந்தே இரத்த சோகை. பிறந்த சமயத்தில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். தான் செய்யாத அந்தக் காரியத்தைத் தன் மீது படிந்த கறையாக நினைத்து அவள் உள்ளுக்குள் மறுகிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு 18 வயது பூர்த்தியாகிவிட்டது. இனி அவள் உடம்பைப் பற்றித் தீர்மானிக்கிற உரிமை சட்டப்படி அவளுக்கே. மூத்தவள் லூயிஸா கல்லூரிக்குப் போகிறாள். சபைக்கு வெளியே உள்ள ஒரு வாலிபனால் கர்ப்பமாகிறாள். மூப்பர்கள் அவளை அழைத்து விசாரிக்கிறார்கள். அவள் மனம் வருந்துகிறேன் என்று சொல்லவில்லை. சபைநீக்கம் செய்துவிடுகிறார்கள். அந்த விநாடியிலிருந்து தாயும் தங்கையும் அவளோடு சாதாரணமாகப் பேசக்கூடாது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது.

நமக்கு இது புதிதல்ல. ஜாதிப் பிரஷ்டம் என்றும், ஊர்விலக்கு என்றும் நம்மிடமும் உண்டு. வேறு ஜாதிப் பையனோடு போய்விட்ட பெண்ணைத் தலைமுழுகிவிட்டேன் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போகிற தகப்பனை நம் கதைகளிலே எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! ஆனால் நம்முடைய தலைமுழுகலில் கோபம் இருக்கும். கோபம் இருக்கிற இடத்தில் ஒரு வழியும் இருக்கும். பேரக் குழந்தை பிறந்ததும் பாட்டி ஒருத்தி இருட்டிலே கொல்லைப்புறமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தகப்பனும் தெரிந்தும் தெரியாதவனாக இருப்பான். ஐவானாவிடம் கோபம் இல்லை, அதுதான் பயங்கரம். மகளோடு பேசாமல் இருப்பது மகளைத் திருப்பி அழைத்துவருகிற வழி என்று அவள் மனப்பூர்வமாக நம்புகிறாள். சபைப் பிரசுரங்கள் இந்த நீக்கத்தை ஓர் அன்பான ஏற்பாடு என்றே வர்ணிக்கின்றன. தாயன்பை அடக்கிவை என்று சொன்னால் ஐவானா எதிர்த்திருக்கலாம். அந்த அன்பின் பெயராலேயே கதவைச் சாத்து என்றல்லவா சொல்லுகிறார்கள்? எதைக் கொண்டு அவள் எதிர்ப்பாள்?

இங்கேதான் கதாசிரியர் ஒரு துணிச்சலான காரியம் செய்கிறார். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. ஆகவே கதையின் திருப்பத்தை முன்னமே அறிய விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து மேலே படிக்கலாம். முதல் பாதி முழுவதும் நாம் ஆலெக்ஸோடு இருக்கிறோம். அவள் மனசுக்குள் யெகோவாவிடம் பேசுகிற பிரார்த்தனை நமக்கு மட்டும் கேட்கிறது. ஸ்டீவன் என்ற இளம் மூப்பர் அவளிடம் பிரியம் கொள்கிறார். தாயின் மேற்பார்வையிலே, எட்ட இருந்தபடி ஒரு காதல் முளைக்கிறது. இவள்தான் கதாநாயகி, அக்காளைப் பார்த்து இவளும் ஒருநாள் விழித்துக்கொள்வாள், படியிறங்குவாள் என்று நாம் காத்திருக்கிறோம். அவள் விழித்துக்கொள்ளவில்லை. நோய் முற்றும்போது இரத்தம் வேண்டாம் என்கிறாள், செத்துப்போகிறாள். மரணப் படுக்கையும் கதறலும் இல்லை. சாவைக் காட்டாமலே கதை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிரார்த்தனைக் குரல் நின்றுபோனதிலிருந்துதான் இழப்பின் அளவு நமக்குத் தெரிகிறது. மிச்சக் கதை தாயினுடையதாகிவிடுகிறது.

கதாநாயகியை நடுவழியில் இழந்துவிட்டு, கதையை வேறொரு பாத்திரத்தின் கையில் கொடுப்பது லேசான வேலை அல்ல. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசகன் அந்தப் பாலத்தைத் தாண்டி வர மறுத்துவிடுவான். இங்கே நாம் தாண்டுகிறோம். காரணம், ஆலெக்ஸ் இருந்தவரையில் ஐவானாவை வெளியிலிருந்து பார்த்து எடை போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அவளுக்குள்ளே போய் உட்காரவேண்டியதாகிறது. ஒரு மகளைக் கொள்கைக்குக் கொடுத்தாயிற்று. மீதியிருப்பவள் ஒருத்திதான். அவளிடம் பேசக்கூடாது. பேசினால், முதல் மகளின் சாவுக்கு என்ன அர்த்தம்? லூயிஸாவை அணைத்துக்கொள்ள வேண்டுமானால், ஆலெக்ஸ் வீணாகச் செத்தாள் என்று ஐவானா முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். எந்தத் தாயால் முடியும் அது? அவளைச் சபையோடு கட்டிப்போட்டிருப்பது வெறும் பயம் என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கட்டம் பதில் சொல்லிவிடுகிறது. கொடுத்த விலை பெரியதாகப் பெரியதாக, வாங்கிய பொருளைப் பழுது என்று சொல்ல வாய் வருவதில்லை.

இதே விஷயத்தை இயான் மக்கீவன் என்ற நாவலாசிரியரும் 'தி சில்ட்ரன் ஆக்ட்' என்ற நாவலில் எடுத்துக்கொண்டிருக்கிறார். 2014-ல் வந்த அந்த நாவலும் படமாகி, அதே 2017-ல், அதே டொரான்டோ விழாவில் காட்டப்பட்டது. அதிலே 18 வயது நிறையச் சில மாதங்களே இருக்கிற ஒரு பையனுக்கு இரத்தம் ஏற்றலாமா என்ற வழக்கு ஒரு பெண் நீதிபதியிடம் வருகிறது. நுட்பமான நாவல், எம்மா தாம்ஸனின் நடிப்பும் உயர்ந்தது. ஆனால் அங்கே நாம் நீதிபதியின் நாற்காலியில் இருக்கிறோம். பையனின் நம்பிக்கை நமக்கு முன்னால் வைக்கப்பட்ட ஒரு வழக்குக் கட்டு. 'அப்பாஸ்டஸி'யில் நீதிபதி இல்லை. ஆலெக்ஸுக்கு 18 ஆகிவிட்டதால் எந்தக் கோர்ட்டும் குறுக்கே வர இடமில்லை. சமையலறையும் சபை மண்டபமும்தான் இருக்கின்றன.

மூப்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சினிமாவாக இருந்தால் அவர்களுக்கு மீசையும் உருட்டு விழியும் கொடுத்திருப்பார்கள். இங்கே அவர்கள் சாந்தமாகப் பேசுகிறார்கள். வேத வசனத்தைக் காட்டி, வருத்தத்தோடு ஒரு குடும்பத்தை உடைக்கிறார்கள். ஒருவரும் குரலை உயர்த்துவதில்லை. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்த நிம்மதியை டைரக்டர் நமக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்.

இந்தச் சபையாரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் சரித்திரம் அதற்கு இடம் கொடாது. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் கை உயர்த்தி வணங்கவும் ராணுவத்தில் சேரவும் மறுத்ததற்காக இவர்களைச் சிறை முகாம்களில் அடைத்தார்கள். சட்டையில் ஊதா நிற முக்கோணத்தைத் தைத்தார்கள். மதத்தை விட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் விடுதலை என்றார்கள், பெரும்பாலோர் போடவில்லை. நம் தேசத்திலும் இவர்கள் பெயர் சட்டப் புத்தகத்தில் நிலைத்திருக்கிறது. 1985-ல் கேரளத்தில் கோட்டயம் ஜில்லாவிலே ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து அவர்களை விலக்கினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, பிள்ளைகளின் மனச்சாட்சியைச் சர்க்கார் நிர்ப்பந்திக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அதற்குப் பெயர். மூன்று குழந்தைகளின் மௌனத்துக்காக ஒரு பெரிய தேசத்தின் உயர்ந்த நீதிஸ்தலம் வாதாடிய அந்தத் தீர்ப்பை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

அப்படியானால், இரத்தம் வேண்டாம் என்கிற ஆலெக்ஸின் மனச்சாட்சியையும் நாம் மதிக்கத்தானே வேண்டும்? மதிக்கத்தான் வேண்டும். படமும் அவளை முட்டாள் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு முள்ளை நம் மனசில் வைத்துவிட்டுப் போகிறது. சர்க்காரின் நிர்ப்பந்தத்திலிருந்து மனச்சாட்சியைக் காப்பாற்றக் கோர்ட் இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து தன்னைச் சுற்றியிருக்கிற அன்பே நிர்ப்பந்தமாக இருக்கும்போது யாரிடம் போய் முறையிடுவது? வேண்டாம் என்று சொன்னால் அக்காளுக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்று கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிற 18 வயதுப் பெண், எந்த அளவுக்குச் சுதந்திரமாகத் தீர்மானிக்கிறாள்? இந்தக் கேள்விக்கு விடை கொடுக்காமல் இருந்ததற்காகவே டைரக்டரைப் பாராட்ட வேண்டும். விடை சொல்லியிருந்தால் படம் பிரசங்கமாகியிருக்கும். பிரசங்கத்துக்கு அந்த ஊரில் குறைவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. லூயிஸாவின் வெளியுலகம் மிகவும் மெலிந்திருக்கிறது. அவளை அப்படி இழுத்த கல்லூரி வாழ்க்கை என்ன, அவள் படித்தது என்ன, அந்த வாலிபன் எப்படிப்பட்டவன் என்பதை நாம் சரியாக அறிந்துகொள்ளவே இல்லை. சபைக்கு எதிர்த் தட்டில் வைக்க ஒரு பாரம் வேண்டாமா? உள்ளே இருப்பவர்களின் கண்ணால்தான் வெளியைக் காட்டினேன் என்று டைரக்டர் சமாதானம் சொல்லலாம். சமாதானம் சமாதானமாகத்தான் இருக்கிறது. ஸ்டீவனும் அப்படியே. ஆலெக்ஸை இழந்த பிறகு அந்த இளைஞர் மனசில் ஒரு சிறு விரிசலாவது கண்டிருக்குமே. அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது.

நடிப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆலெக்ஸாக வரும் மாலி ரைட்டும் லூயிஸாவாக வரும் சாஷா பார்க்கின்ஸனும் சகோதரிகள் என்றே நம்பும்படி இருக்கிறார்கள். ஐவானாவாக வரும் ஷிவான் பின்னரன் அந்த ஓல்டாமிலேயே பிறந்தவர். அவர் முகத்தை விவரிப்பது கஷ்டம். அழுகை தொண்டை வரையில் வந்து, அங்கேயே விழுங்கப்பட்டுவிடுகிறது. சபையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த முகம் மூடிய பெட்டி மாதிரி இருக்கிறது; சாவியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்ட பெட்டி. படச் சட்டமும் இன்றைய அகலத் திரையாக இல்லாமல், பழைய காலத்துப் படங்களைப்போல் சதுரத்துக்குச் சற்றே நீண்டதாக இருக்கிறது. அந்தக் குறுகிய சட்டத்துக்குள் முகத்தைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. 2019-ல் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி, சிறந்த அறிமுகப் படைப்புக்கான பட்டியலில் இந்தப் படத்தைச் சேர்த்தது நியாயமே.

வயதுக்கு வருதல் என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர்களும் கதைவகை ஒன்றுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையில் வயதுக்கு வருகிறவர் யார்? ஆலெக்ஸுக்கு வயது வந்தது. அவள் அதைக் கீழ்ப்படியவே பயன்படுத்திக்கொண்டாள். லூயிஸா தன் பிள்ளையைச் சுமந்து தனியாகத் தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்டாள். ஐவானாதான் ஒரு குழந்தையைப்போல, தனக்காக யாரோ யோசிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வெளியேறியவளைக் காட்டிலும் உள்ளேயே இருந்துவிட்டவளின் துக்கம் பெரியது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

சபையின் விதிகள் கடவுளின் விதிகள், ஆகவே மாறாதவை என்பதுதான் ஐவானா போன்றவர்களின் பலம். ஆனால் விதிகள் மாறியிருக்கின்றன. உறுப்பு மாற்றுச் சிகிச்சை மனித மாமிசம் தின்பதற்குச் சமானம் என்று 1967-ல் சொன்னார்கள். 1980-ல் அது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது என்று மாற்றிக்கொண்டார்கள். இந்தப் படம் வந்து சில வருஷங்களுக்குப் பிறகு, 2024-ல், சபைநீக்கம் என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால், விரும்புகிறவர்கள் சுருக்கமாக வரவேற்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று அநுமதியும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம், வரவேற்கத்தான் வேண்டும்.

படத்திலே லூயிஸா மறுபடி சேர்த்துக்கொள்ளப்படுவதற்காகச் சபை மண்டபத்துக்கு வந்து பின்வரிசையில் உட்காருகிற கட்டம் ஒன்று உண்டு. ஒருவரும் அவளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பெற்றவள் அதே மண்டபத்தில்தான் இருக்கிறாள். "வா" என்ற ஓர் எழுத்து அன்றைக்குப் பாவமாக இருந்தது; இன்றைக்குப் பாவமில்லை. அநுமதி வரும் வரையில் காத்திருந்த தாய்மார்கள், அந்த ஓர் எழுத்தை இப்போது யாரிடம் போய்ச் சொல்வார்கள்?